வெண்கட்டிக் கோட்டுக்கு இரண்டு பக்கம்

கணனி படிப்பிக்கிறவருக்கும் பல்லுப் பிடுங்குகிறவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இருவருக்கும் முன்னால் வந்து இருக்கிறவர் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நோகுமோ?" என்கிற முகத்தோடுதான் இருப்பார். "இது வேலை செய்யேல்லை" என்று அயல்வீட்டார் கூப்பிட்டு, நீங்கள் போய்ப் பிளக்கைச் செருகிவிட்டு ஒரு கோப்பை தேத்தண்ணியோடு திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்மவர். மேலே வாசியுங்கள்.

கதிரையும் வாங்கும்

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கொழும்பில் கொஞ்சம் கணனி படித்துவிட்டு யாழ்ப்பாணத்துத் தீவான வேலணைக்குத் திரும்பியிருந்தேன். சபாரத்தினம் மாஸ்ரர் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, ஒரு ரியூட்டரி, அதாவது தனியார் வகுப்பு, நடத்திக்கொண்டிருந்தார். இலண்டனில் இருந்த அவருடைய தம்பி ஒரு கணனி அனுப்பியிருந்தார். அதில் படிப்பிக்க மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டார். கணனி என்றதும் இன்றைக்கு இருப்பதை நினைக்காதீர்கள். அது ஒரு தட்டச்சுப் பலகை, அவ்வளவுதான். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் கொழுவினால் நீலத்திரையில் ஒரு சிறிய சதுரம் மின்னும். படம் இல்லை, பட்டியல் இல்லை. உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை நீங்களே வரி வரியாக எழுதிக் கொடுத்தால்தான் அது அசையும். பாவிக்க வேண்டுமென்றால் எழுத வேண்டும்.

மாஸ்ரர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எதையும் இரண்டாகப் பிரித்தால்தான் அவருக்கு நிம்மதி. வாசலில் பலகை எழுதினார்: "பாவனையாளர் வகுப்பு", "புரோகிராமர் வகுப்பு". பாவிக்கிறவர்கள் முதலாவதில், நிரல் எழுதுகிறவர்கள் இரண்டாவதில். வகுப்பு நடந்த கொட்டிலின் சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் நடுவே ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் புரோகிராமர்களுக்குக் கதிரை. இந்தப் பக்கம் பாவனையாளர்களுக்கு, எல்லோரும் நெருக்கி இருக்க ஒரு நீட்டு வாங்கு. இருப்பது ஒரே கணனி என்பதால் மேசையைக் கோட்டுக்கு மேலேயே வைத்தார். மேசைக்காலொன்று எந்த வகுப்பு என்பது கடைசிவரை தீரவில்லை.

சுருவிலிலிருந்து சைக்கிளில் வருகிற புவனேஸ்வரி வாங்குப் பக்கம். யாழ்ப்பாணம் நகரத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு நிலையம், கணனி படிப்பிக்க ஒரு பெண் ஆசிரியை தேவையென்று மாஸ்ரரிடம் கேட்டிருந்தது. புரோகிராமர் சான்றிதழ் இருக்க வேண்டும். புவனேஸ்வரிக்கு அந்த வேலை வேண்டும். அவருடைய தகப்பன் செல்லையா முதலாளி தெற்கில் கடை வைத்திருந்து, எண்பத்து மூன்று இனக்கலவரத்தோடு ஊருக்குத் திரும்பியவர். கடை போனாலும் முதலாளி என்ற பெயர் போகவில்லை. மகளைச் சேர்க்க வந்தபோது பலகையை நின்று வாசித்தார். மகள் இரண்டாவதைக் காட்டினார். அவர் முதலாவதில் பேரைப் பதிந்தார். அது கட்டணம் குறைந்த பக்கம். பாவனையாளர் சான்றிதழோடும் மகள் வேலைக்குப் போகலாம்தானே என்று நான் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமான் வாங்க வாறவனுக்கு ஆரும் சம்பளம் குடுக்கிறதோ, தம்பி? தராசு பிடிக்கிறவனுக்கு எல்லோ குடுக்கிறது. இவள் முதல் சாமான் வாங்கப் பழகட்டும்."

பிரான்சிலிருந்து ஓர் இருமல்

எழுதிய நிரலைச் சேமித்து வைக்க எங்களிடம் இருந்தது பாட்டுக் கேட்கிற கசெற். கணனி தன் நிரலைச் சத்தமாக மாற்றி நாடாவில் பதியும். அந்தச் சத்தம், ஓட்டுத் துண்டால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். வெற்றுக் கசெற் வாங்குவது வில்லங்கம். ஆனால் தீவுப்பகுதியில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் கசெற் கிடைக்கும். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகள் எழுதப் பஞ்சிப்பட்டு, குரலைப் பதிந்து அனுப்புகிற காலம் அது.

புரோகிராமர் வகுப்பின் நட்சத்திரம் இறுப்பிட்டித் தவராசா. நல்ல கெட்டிக்காரன். தான் கெட்டிக்காரன் என்பது அவனுக்கும் தெரியும். தமையன் பிரான்சிலிருந்து அனுப்பிய கசெற்றின் மறுபக்கம் வெறுமையாக இருக்குமென்று நம்பி, தன் நிரலை அதில் பதிந்து வீட்டிலே வைத்துவிட்டான். மறுபக்கத்தில்தான் தமையன், "அம்மா, இனி உங்களோடை தனியக் கதைக்கிறன்" என்று தொடங்கியிருந்தானாம்.

இரண்டு நாள் கழித்துத் தாய் நாகம்மா அக்கா வகுப்புக்கு வந்தார். மகனைக் கூப்பிட வரவில்லை. என்னிடம்தான் வந்தார். பிரான்சுக்கு அவசரமாகத் தந்தி அடிக்க வேண்டும், ஆங்கிலத்தில் நாலு சொல் எழுதித் தரவேண்டும் என்றார். ஏன் அக்கா என்று கேட்டேன். கதிரையில் இருந்த தவராசா தலையைக் குனிந்து மேசைக்காலை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"மூத்தவனுக்கு நெஞ்சுச் சளி, தம்பி. தனியக் கதைக்கிறன் எண்டு போட்டு, பிறகு முழுக்க ஒரே இழுப்பும் இருமலும். நான் அம்மனுக்கு நேத்தி வைச்சிட்டுத்தான் இஞ்சை வாறன்."

பாலத்தடியில்

ஒருமுறை கணனியின் உள்ளே ஏதோ பழுதாகி, நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மண்டைதீவுப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, இராணுவத்தினர் ஏறிச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பொடியன் கொஞ்சம் தமிழ் கதைத்தான். என்ன இது என்றான். கணனி என்றேன். என்ன செய்யும் என்றான். நாங்கள் சொல்கிறதையெல்லாம் செய்யும் என்றேன். அவன் குனிந்து அதனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

அப்படியல்ல என்று விளங்கப்படுத்தினேன். தொலைக்காட்சி வேண்டும், மின்சாரம் வேண்டும், கசெற் வேண்டும், என்ன செய்ய வேண்டுமென்பதை முதலில் நாங்கள் யோசிக்க வேண்டும், பிறகு அதை வரி வரியாக எழுத வேண்டும், பிழை வந்தால் நாங்களே தேடித் திருத்த வேண்டும். அவன் விரிப்பை மூடி என் மடியிலேயே திரும்ப வைத்தான். முகத்தில் உண்மையான இரக்கம்.

"அப்ப எல்லாம் செய்யிறது நீங்க. இது சும்மா கூட வாறது."

காற்று வருகிற இடம்

மின்சாரம் நின்றால் கணனியின் தலையில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். எங்கள் பக்கத்தில் மின்சாரம் எப்போது வரும் போகும் என்பதை மின்சாரமே அறியாது. கசெற்றிலிருந்து திரும்ப ஏற்றுவதென்றால், நாலு தரத்தில் ஒரு தரம் ஏறும். ஆகவே மின்சாரம் வந்ததும் முழு நிரலையும் மறுபடி தட்டச்சுச் செய்வதுதான் வழி. கதிரைக்காரர்களுக்கு இந்த வேலை மதிப்புக் குறைவு. அவர்கள் எழுதியதை வாங்குக்காரர்கள் தட்டினார்கள். மாதம் இரண்டு போவதற்குள் வாங்கிலிருந்தவர்களுக்கு எல்லா நிரலும் மனப்பாடம். எழுதியவர்களோ தாளைப் பார்த்துத்தான் சொல்வார்கள். புவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார்.

நான் இதை மாஸ்ரரிடம் எடுத்துச் சொன்னேன். முழு நிரலையும் தெரிந்த பிள்ளையை இன்னும் வாங்கிலே வைத்திருப்பது சரியா என்று கேட்டேன். கால்பட்டு அழிந்திருந்த கோட்டைப் புதிதாகக் கீறிக்கொண்டே அவர் சொன்னார்: "கலியாணக் கார்ட் அடிக்கிறவன் எல்லாம் மாப்பிள்ளையோ?"

யார் முதலில் கணனிக்கு முன்னால் இருப்பது என்பது வாங்கில் தினச் சண்டை. அதைத் தீர்க்கத் தவராசா ஒரு நிரல் எழுதினான். வாங்கில் இருக்கிற ஏழெட்டுப் பேரின் பெயரையும் சுவர்ப் பக்கமிருந்து வரிசையாகக் கொடுத்தால், கணனி குலுக்கி ஒரு பெயரைச் சொல்லும். புவனேஸ்வரிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அதுவும் மின்சாரம் நின்று வந்த நாட்களில் தவறாமல் அவர்தான் முதல். மற்றப் பிள்ளைகள் அவருடைய கைரேகையைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் கவனித்தது வேறு. அவர் எவ்வளவு பிந்தி வந்தாலும், சுவர்ப் பக்கமிருந்து மூன்றாவது இடத்தில் இருக்கிறவரை எழுப்பி, அங்கேதான் இருப்பார். அந்த இடத்தில் என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"காத்து வரும், சேர்."

ஏழாந் திருவிழா

அம்மன் கோயிலில் ஏழாந் திருவிழாவைப் பரம்பரையாகச் செய்துவந்த குடும்பம் முழுதாக வெளிநாடு போய்விட்டது. அந்த உபயம் தங்களுக்கு வேண்டுமென்று ஏழு குடும்பங்கள் நின்றன. செல்லையா முதலாளி அதில் ஒருவர். கடையை விட்டு ஊர் திரும்பியவருக்கு, மேளதாளத்தோடு ஒருநாள் கோயில் வாசலில் நிற்க வேண்டுமென்று ஆசை. அதை அவர் மறைக்கவும் இல்லை. முன்பு ஒரு தரம் வேறொரு திருவிழாவுக்குத் துண்டு எழுதிக் குலுக்கியபோது, எடுக்கிறவரின் கைக்குத் தெரியும்படி ஒரு துண்டை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிராக்கி எடுத்ததாகக் கதை அடிபட்டு, அடிபிடி வரை போயிருந்தது. ஆகவே கோயில் சபைத் தலைவர் மாஸ்ரரிடம் வந்து கணனியை இரவல் கேட்டார்.

"உதுக்கு இந்த ஊரிலை ஒரு சொந்தக்காரரும் இல்லை, மாஸ்ரர். எங்களுக்கு அதுதான் வேணும்."

நாலு தரம்

கணனியும் தொலைக்காட்சியும் ட்ரக்டர் பெட்டியில் வைக்கோலுக்கு மேலே இருந்து கோயில் மடத்துக்குப் போயின. தவராசா புது வேட்டியில் வந்தான். அவனுடைய நிரலை, வழக்கம்போலப் புவனேஸ்வரி தட்டி முடித்தார். ஏழு பெயர்களின் வரிசையைச் சபைத் தலைவர் வாசிக்க வாசிக்க அதையும் தட்டினார். மூன்றாவது பெயர் வந்ததும் கை நின்றது. மூன்றாவது, செல்லையா முதலாளி.

எழுந்து என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சேர், உது அப்பாவுக்குத்தான் விழும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "புதுசாப் போட்டவுடனை முதல் தரம் குலுக்கினா எப்பவும் மூண்டாவதுதான் வாறது. நான் உந்த வாங்கிலை சும்மாவே இருந்தனான்?"

அவர் சொன்னது சரி. அந்தக் கணனி உண்மையில் குலுக்குவதில்லை. உள்ளே ஒரு நீண்ட எண் வரிசை இருக்கிறது. போட்டவுடன் ஒவ்வொரு தரமும் அதே எண்ணிலிருந்துதான் தொடங்கும். எனக்குக் கொழும்பில் சொல்லித் தந்திருப்பார்கள். தவராசா தன் நிரலை எத்தனையோ தரம் வாசித்திருப்பான். நிரலில் பிழை இல்லை. வாசித்துப் பார்த்தால் அகப்படாது. நாளும் பாவித்து, அதில் இலாபமும் கண்டவருக்கு மட்டும்தான் அகப்பட்டது.

தகப்பனுடைய பெயரைச் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றேன். "அப்ப மூண்டாவதா வாற ஆளுக்கு நாங்கள் தூக்கிக் குடுத்த மாதிரி, சேர்" என்றார். பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. அவர் மடத்தின் தூணடியில் நின்ற தகப்பனைப் பார்த்தார். முதலாளி சால்வையைச் சரிசெய்துகொண்டு, வென்றவரைப் போலவே நின்றார். "பிறகு ஆரும் ஒருநாள் கண்டுபிடிப்பினம். மகள்காரி உள்ளுக்கை இருந்து செய்தவள் எண்டுவினம். அப்பா அதுக்குப் பிறகு கோயிலுக்கு வரமாட்டார்" என்று சொல்லிவிட்டு, நேரே போய்ச் சபைத் தலைவரிடம் சொன்னார்.

தலைவர் நம்பவில்லை. தவராசா சிரித்தான். நிறுத்திப் போடச் சொன்னார்கள். நிறுத்திப் போட்டு, நிரலைத் திரும்பத் தட்டி, குலுக்கினார்: செல்லையா. மறுபடி நிறுத்தி, மறுபடி தட்டி: செல்லையா. மூன்றாந் தரமும் அதே பெயர். நாலாந் தரத்தில் எல்லோரும் தூணடியைப் பார்த்தார்கள். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "நான் உதைத் தொட்டும் பார்க்கேல்லை" என்று யாரும் கேட்காமலே சொன்னார். பின்னாலிருந்து ஒரு குரல், "நீர் ஏன் தொடுவான், அதுக்குத்தானே பிள்ளையைப் படிப்பிச்சனீர்" என்றது. தவராசாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் தன் ஆசிரியரான என்னை விட்டுவிட்டு வாங்குக்காரியைத்தான் கேட்டான்.

"அப்ப அந்த இடத்திலை காத்து வாறேல்லையோ, அக்கா?"

ஐஸ்பழக்காரர்

புவனேஸ்வரி கணனிக்கு முன்னால் போனார். கதிரையில் இருந்துகொண்டு நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தார். என்னைக் கேட்கவும் இல்லை. யாராவது ஒரு விசையை அமத்தும்வரைக்கும் கணனி எண்களை எடுத்து எடுத்து எறிந்துகொண்டே இருக்க வேண்டும். அமத்திய பிறகு வருகிறதுதான் கணக்கு. எந்த நேரத்தில் அமத்துவார்கள் என்பது கணனிக்குத் தெரியாது. அமத்துகிறவருக்கும் தெரியாது. நான் அந்த வரியை மனதுக்குள் மூன்று தரம் வாசித்தேன். பிழை இல்லை.

இனி யார் அமத்துவது? ஐயர் அமத்தக்கூடாது, அவருக்கு ஒரு கட்சியோடு உறவு. மாஸ்ரர் கூடாது, அவரிடம் எல்லோருடைய பிள்ளைகளும் படிக்கிறார்கள். கடைசியில், வாசலில் சைக்கிளோடு நின்று குச்சி ஐஸ் விற்ற ஐஸ்பழக்காரரைப் பிடித்தார்கள். அவர் மண்டைதீவு ஆள். இந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வந்து, விரலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அமத்தினார். ஐந்தாவது பெயர். மடத்தின் அந்தக் கரையில் ஒரு குடும்பம் எழும்பி நின்று அழுதது. ஐஸ்பழக்காரர் ஓரடி பின்வாங்கி, சபைத் தலைவரிடம் தெளிவாகச் சொன்னார்:

"நான் அமத்தினது மட்டும்தான். உள்ளுக்கை நடந்ததுக்கு என்னை வந்து கேக்கப்படாது."

ஒரு வரி

திரும்பும்போதும் அதே ட்ரக்டர் பெட்டிதான். செல்லையா முதலாளி மகளுக்கு எதிரே, தொலைக்காட்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். வெள்ளைக் கடற்கரைத் தாழைகள் கடந்தன. மகள் ஏதும் சொல்லுவார் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. மகளோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலணைச் சந்தி வந்ததும் முதலாளி மாஸ்ரரின் பக்கம் திரும்பினார்.

"சாமான் வாங்க வந்தவள் என்ரை தராசைத் திருத்திப்போட்டு, எனக்கே நிறை குறைச்சுப் போட்டாள், மாஸ்ரர். இனி அவளுக்குச் சம்பளம் குடுக்கத்தான் வேணும்."

மாஸ்ரர் உடனே இளகிவிடுகிற ஆள் இல்லை. அடுத்த நாள் வகுப்பில் சான்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு பேனையை மூடியும் திறந்தும் யோசித்தார். பாவனையாளர் என்று எழுதினால் நேற்று மடத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஊர் சிரிக்கும். புரோகிராமர் என்று எழுதினால் அவருடைய கோடு சிரிக்கும். இவ்வளவு காலத்தில் இந்தப் பிள்ளை தானாக எத்தனை வரி எழுதியது என்று என்னைக் கேட்டார். ஒன்று என்றேன். ஒரு வரி எழுதினால் புரோகிராமரோ என்றார். எத்தனை வரியிலிருந்து புரோகிராமர் என்று நான் கேட்டேன். கணித ஆசிரியர் அல்லவா, அந்தக் கேள்வி அவரை உறுத்தியது. பத்து என்றால் ஒன்பது ஏன் இல்லை என்பது அவருக்கே உடனே விளங்கியிருக்கும். தவராசா தன் கதிரையிலிருந்து, "எழுதுங்கோ சேர், நான் எழுதினதிலை அந்த ஒரு வரி இல்லை" என்றான். எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் விட்டுக்கொடுத்த முதல் சந்தர்ப்பம் அது.

மாஸ்ரர் பெயரை எழுதினார். திகதி போட்டார், ஒப்பம் வைத்தார். தகுதி எழுதுகிற இடத்தை வெறுமையாகவே விட்டு, சான்றிதழை வாங்கின் மூன்றாவது இடத்துக்கு நீட்டினார்.

"ஒரு வரிதானே, பிள்ளை. அதையும் நீரே எழுதும்."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கணனிகளோடு மாரடித்துவிட்டேன். இதிலே பாவிக்கிறவர் யார், எழுதுகிறவர் யார் என்று எவராவது கேட்டால், வாங்கில் எந்த இடத்தில் காற்று வரும் என்று தெரிந்தவர் யார் என்றுதான் இப்போதும் முதலில் விசாரிக்கிறேன்.